கிகேட்ல வயர்லெஸ் மாட்யூல் லைப்ரரி நாமளே பண்றது எப்படி: முழு வழிகாட்டி

இது கிகேட்ல (சர்க்யூட் போர்டு வரையற சாஃப்ட்வேர்) ஒண்ணு ரெண்டு போர்டாவது போட்டுப் பாத்தவங்களுக்கு. ஸ்கிமேட்டிக்னா என்ன, கெர்பர்னா என்னன்னு இங்க சொல்லப்போறதில்ல. லோரா, வைஃபை, ப்ளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, இந்த மாதிரி மாட்யூலுக்கெல்லாம் சிம்பல் (ஸ்கிமேட்டிக்ல வர்ற படம்), ஃபுட்பிரிண்ட் (போர்டுல மாட்யூல் ஒட்டற பேட் அமைப்பு), 3டி மாடல் மூணும் சேந்த ஒரு சொந்த லைப்ரரிய எந்த வரிசைல உருவாக்கணும், எங்க எங்க சறுக்கும், அது மட்டும்தான்.

பாலக்காடு எல்லைல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோப்புக்குத் தோப்பு மோட்டார் கன்ட்ரோலரும் டேங்க் லெவல் பாக்கற டப்பாவும் போடற பசங்க இப்ப நெறைய. கஞ்சிக்கோடு கம்பெனில வேலை பாக்கறவங்க, கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கறவங்க, மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கறவங்கன்னு எல்லாரும் செத்த போர்டத் தூக்கிட்டு வருவாங்க. புரோகிராம் தப்பா இருக்கும்னு நெனச்சுதான் வராங்க, ஆனா பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஃபுட்பிரிண்ட்தான் தப்பா இருக்கும்.

ஏன்னா லைப்ரரி வேலைன்னா படம் வரையறதுன்னு நெனச்சு நேரா எடிட்டரத் தொறந்துடறாங்க. அது பின்பாதி. முன்பாதி முழுக்க, கைல இருக்கற மாட்யூல் எதுன்னு உறுதி பண்றதுதான்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன வேணும்

மொதல்ல மாட்யூல் கைல இருக்கணும், ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லது. படத்தப் பாத்து, வெப்சைட் விவரத்தப் பாத்து ஃபுட்பிரிண்ட் போடாதீங்க. கொச்சி பள்ளிமுக்குல வாங்கினாலும் சரி ஆன்லைன்ல வரவழச்சாலும் சரி, லிஸ்ட்ல ஒரு பேரு போட்டிருக்கும், கவர்ல வேற பேரு இருக்கும், மாட்யூல் மேல மூணாவதா ஒண்ணு அச்சடிச்சிருக்கும். மேல அச்சடிச்சதுதான் கணக்கு.

அப்புறம் ஒரு வெர்னியர் காலிப்பர், பீப் அடிக்கற மல்டிமீட்டர், மாட்யூல் தயாரிச்ச கம்பெனியோட டேட்டாஷீட். யாரோ எழுதின பின்அவுட் படம் வேணாம், தயாரிப்பாளரோட பிடிஎஃப்தான் வேணும். கூடவே ஒரு பிரிண்டர், இல்ல பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை.

கிகேட் 6க்கு மேல எதாச்சும் ஒண்ணு வெச்சுக்கங்க, கூட வேலை பாக்கறவங்களும் அதே வெர்ஷன்லயே இருக்கட்டும். 2021 டிசம்பர்ல வந்த 6லதான் சிம்பல் ஃபைல் ஃபார்மேட்டே மாறுச்சு. புது வெர்ஷன்ல சேவ் பண்ணினத பழைய வெர்ஷன் தொறக்காது, குரூப்ல ஒருத்தர் மட்டும் அப்டேட் பண்ணிட்டு ஃபைல அனுப்பினா மத்தவங்க எல்லாரும் முழிச்சுக்கிட்டு நிப்பாங்க.

2. கிகேட்டோட வர்ற லைப்ரரில இருக்கான்னு தேடுங்க

ஆர்எஃப்_மாட்யூல்னு ஒரு லைப்ரரி கிகேட்டோடயே வருது. இஎஸ்பி32-வ்ரூம்-32, இஎஸ்பி-12, ஆர்எஃப்எம்95டபிள்யூ இதெல்லாம் அதுல இருக்கு. இருக்கறத மறுபடி வரையறது வெட்டி வேலை, பல பேர் பயன்படுத்திப் பாத்த ஃபுட்பிரிண்ட் அது.

ஆனா அதையே தொறந்து எடிட் பண்ணாதீங்க. கிகேட்ட அப்டேட் பண்ணினா நீங்க மாத்தினது போயிடும். உங்க லைப்ரரிக்கு காப்பி பண்ணிட்டு அங்க மாத்துங்க. அந்த லைப்ரரிக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன்-ஷேர்அலைக் 4.0 லைசென்ஸ். போர்டு போட்டு விக்கறதுக்கு தடை இல்ல, அதுக்குன்னே தனி விதிவிலக்கு குடுத்திருக்காங்க. லைப்ரரியாவே மத்தவங்களுக்குக் குடுக்கறப்ப மட்டும் அதே லைசென்ஸ் ஃபைலையும் சேத்துக் குடுங்க.

டவுன்லோட் சைட்ல கெடைக்கற ஃபுட்பிரிண்ட்? எடுக்கலாம், ஆனா கீழ 6லயும் 9லயும் சொல்றத எல்லாம் அதுக்கும் செஞ்சாகணும். செய்யறதா இருந்தா சொந்தமா போடறதுக்கும் அதுக்கும் நேரத்துல பெருசா வித்தியாசம் இல்ல, அதனால நான் எடுக்கறதில்ல.

3. ஃபோல்டரும் பேரும்

ஒரு ஃபோல்டர். உள்ள ஒரு சிம்பல் ஃபைல், ஃபுட்பிரிண்ட்டுக்கு ப்ரெட்டின்னு (.pretty) முடியற ஒரு ஃபோல்டர், 3டிக்கு ஒரு ஃபோல்டர், டேட்டாஷீட்டுக்கு ஒரு ஃபோல்டர். டேட்டாஷீட்ட லிங்க்கா மட்டும் வெச்சுக்காதீங்க, ஃபைலாவே போட்டு வைங்க. லிங்க் செத்துப்போகும், இல்லன்னா அதே லிங்க்ல புது ரிவிஷன் வந்து உக்காந்திருக்கும்.

பேரு வெக்கறதுல கஞ்சத்தனம் வேணாம். "லோரா"ன்னு வெச்சா ஆறு மாசம் கழிச்சு எந்த லோரான்னு உங்களுக்கே தெரியாது. கம்பெனி, மாடல், பின்னொட்டு மூணும் வரணும். வ்ரூம்-32லயும் வ்ரூம்-32யூலயும் உள்ள இருக்கறது இஎஸ்பி32தான், ஆனா 32யூவுக்கு போர்டுல அச்சடிச்ச ஆன்டெனா கிடையாது, கனெக்டர் மட்டும்தான். அதனால நீளம் 25.5 மில்லிமீட்டர்லருந்து 19.2க்கு குறஞ்சிடும். ஒரே பேர்ல ரெண்டும் இருந்தா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம்.

லைப்ரரி இருக்கற எடத்துக்கு கிகேட்ல கான்ஃபிகர் பாத்ஸ்ல போயி ஒரு வேரியபிள் வெச்சுக்கங்க, எல்லா பாத்தும் அந்த வேரியபிள்லருந்தே ஆரம்பிக்கட்டும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ்னு முழு பாத் குடுத்தா உங்க லேப்டாப்ல மட்டும்தான் ஓடும்.

4. டேட்டாஷீட்லருந்து மொதல்ல ஒரு டேபிள் எழுதுங்க

இந்தப் படியத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. எடிட்டரத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல பின் நம்பர், பேரு, அது இன்புட்டா அவுட்புட்டா பவரா, எத்தன வோல்ட், இதெல்லாம் கைல எழுதுங்க. டைப் பண்ணிக்கிட்டே படிச்சா கண்ணு ஒரு வரி எகிறிடும், எழுதினா எகிறாது.

ஏன் இவ்வளவு வலியுறுத்தறேன்னா, ரா-02யும் ஆர்எஃப்எம்95டபிள்யூவும் எடுத்துக்கங்க. ரெண்டும் லோரா, ரெண்டுக்கும் 16 பின், ரெண்டுக்கும் பின் இடைவெளி 2 மில்லிமீட்டர், சைஸும் ஒண்ணு 17க்கு 16, இன்னொண்ணு 16க்கு 16. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா கிட்டத்தட்ட பொருந்தும். ஆனா பின் வரிசை முழுக்க வேற. (கீழ டிஐஓன்னு வர்றது மாட்யூலோட டிஜிட்டல் இன்புட்/அவுட்புட் பின்.)

ஆர்எஃப்எம்95டபிள்யூல 1 கிரவுண்ட், 2 மிசோ, 3 மோசி, 4 கிளாக், 5 சிப் செலக்ட், 6 ரீசெட், 7 டிஐஓ5, 8 கிரவுண்ட், 9 ஆன்டெனா, 10 கிரவுண்ட், 11 டிஐஓ3, 12 டிஐஓ4, 13 3.3 வோல்ட், 14 டிஐஓ0, 15 டிஐஓ1, 16 டிஐஓ2. ரா-02ல 1, 2 கிரவுண்ட், 3 சப்ளை, 4 ரீசெட், 5லருந்து 8 வரைக்கும் டிஐஓ0லருந்து 3 வரைக்கும், 9 கிரவுண்ட், 10, 11 டிஐஓ4ம் 5ம், 12 கிளாக், 13 மிசோ, 14 மோசி, 15 சிப் செலக்ட், 16 கிரவுண்ட். ஆர்எஃப்எம் ஃபுட்பிரிண்ட்ல ரா-02ஐ ஒட்டினீங்கன்னா 3.3 வோல்ட் நேரா மிசோ மேல ஏறும். "அண்ணா, சூடாகுது ஆனா பேச மாட்டேங்குது"ன்னு வர்ற கேஸ்ல இது நெறைய.

எழுதி முடிச்சதும் மல்டிமீட்டர பீப்ல போட்டு கிரவுண்ட் பின்கள மட்டும் தொட்டுப் பாருங்க. ரா-02ன்னா 1, 2, 9, 16 நாலும் ஒண்ணோட ஒண்ணு பீப் அடிக்கும், மேல இருக்கற தகர மூடியத் தொட்டாலும் அடிக்கும். ஆர்எஃப்எம்95டபிள்யூன்னா 1, 8, 10. நீங்க எழுதின டேபிளும் பீப்பும் ஒத்துப்போகலைன்னா டேட்டாஷீட் வேற மாட்யூலோடது, இல்ல ஒண்ணாம் பின் எதுன்னு நீங்க தப்பா புடிச்சிருக்கீங்க. ரெண்டு நிமிஷ வேலை, ஒரு போர்டு காசு மிச்சம்.

அதே டேபிள்ல அலைவரிசையும் எழுதிடுங்க. நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம லோரா ஓட்டறது 865லருந்து ஆரம்பிக்கற பேண்ட்ல, லோராவேன் பிளான் பேரே ஐஎன்865, அதோட அடிப்படை சேனல் 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ். ரா-02ல இருக்கற எஸ்எக்ஸ்1278 சிப் 525 மெகாஹெர்ட்ஸ் தாண்டாது, அது 433க்கான மாட்யூல். விலை கம்மின்னு அத வாங்கிட்டு கேட்வேயோட பேசலைன்னு புலம்பறதுல அர்த்தம் இல்ல. விக்கறதுக்குப் பண்றீங்கன்னா மாட்யூலுக்கு டபிள்யூபிசியோட (மத்திய அரசோட வயர்லெஸ் பிரிவு) ஈடிஏ அனுமதி இருக்கான்னும் இப்பவே பாத்துக் குறிச்சுக்கங்க, டப்பாவெல்லாம் பண்ணி முடிச்சிட்டு அப்புறமா தேடாதீங்க.

5. சிம்பல்

கிரிட்ட 50 மில்ல (மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, மில்லிமீட்டர் இல்ல) வெச்சு, பின்களுக்கு நடுவுல 100 மில் விடுங்க. கிரிட்ட விட்டு விலகி பின் போட்டா ஸ்கிமேட்டிக்ல ஒயர் தொட்ட மாதிரியே தெரியும், ஆனா தொட்டிருக்காது.

பின்கள மாட்யூல்ல இருக்கற வரிசைல அடுக்காதீங்க, வேலைய வெச்சு அடுக்குங்க. சப்ளை மேல, கிரவுண்ட் கீழ, எஸ்பிஐ நாலும் (மிசோ, மோசி, கிளாக், சிப் செலக்ட்) இடது பக்கம் சேத்து, டிஐஓ வலது, ஆன்டெனா தனியா. ஸ்கிமேட்டிக் படிக்கறவங்களுக்கு சிக்னல் எங்க போகுதுன்னு தெரியணும், உருவம் ஃபுட்பிரிண்ட்ல இருக்கு.

இப்ப எலக்ட்ரிக்கல் டைப். எல்லாத்தையும் பேசிவ்னு போட்டுட்டு "எரரே வரலை"ன்னு சந்தோஷப்படறவங்க உண்டு. வராது, ஏன்னா செக் பண்றதுக்கு நீங்க ஒண்ணுமே குடுக்கலை. சப்ளையும் கிரவுண்டும் பவர் இன்புட். மோசி, கிளாக், சிப் செலக்ட் இன்புட். டிஐஓ பைடைரக்ஷனல். ஆன்டெனா பேசிவ். மிசோவ மட்டும் அவுட்புட்னு போடாம ட்ரைஸ்டேட்னு போடுங்க. அதே எஸ்பிஐ லைன்ல எஸ்டி கார்டோ இன்னொரு ரேடியோவோ வந்தா ரெண்டு அவுட்புட் மோதுதுன்னு இஆர்சி (ஸ்கிமேட்டிக்க கிகேட் பண்ற செக்) கத்தும், அப்படி அர்த்தமில்லாம கத்த ஆரம்பிச்சா நெஜமான எரரையும் நீங்க கண்டுக்காம விட்டுடுவீங்க.

இஎஸ்பி32-வ்ரூம்-32ல இந்த டைப் விஷயம் ரொம்ப உதவும். ஐஓ34, 35, 36, 39 (இது ஜிபிஐஓ நம்பர், மாட்யூல் பின் நம்பர் இல்ல) நாலும் இன்புட் மட்டும்தான், சிம்பல்லயும் இன்புட்னு போட்டா யாராச்சும் ஐஓ34ல ரிலே டிரைவர் ஐசியோட இன்புட்ட நேரா மாட்டினா இஆர்சி அங்கயே சொல்லிடும். பின் 17லருந்து 22 வரைக்கும் உள்ள இருக்கற ஃப்ளாஷுக்குப் போகுது, அதத் தொடக்கூடாது, 32ஈ மாடல்ல அதே எடம் டேட்டாஷீட்லயே நோ கனெக்ட்தான். நோ கனெக்ட்னே டைப் குடுத்துடுங்க. ஐஓ12 பவர் ஆன் ஆகறப்ப ஹை-ல இருந்தா ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட்னு முடிவு பண்ணிட்டு பூட் ஆகாம நிக்கும். அதனால 0, 2, 5, 12, 15 இந்த அஞ்சுக்கும் பின் பேரோடயே "பூட்"னு ஒரு வால் சேத்து விடுங்க. டேட்டாஷீட்ல போய் யாரும் தேடமாட்டாங்க, சிம்பல்ல இருந்தா கண்ல படும்.

ஒரு பெரிய குழி இருக்கு. அழகா இருக்கட்டும்னு சப்ளை பின்ன மறச்சு வெக்கறது. கிகேட்ல மறச்ச பவர் இன்புட் பின், அதோட பேர்ல இருக்கற குளோபல் நெட்டோட தானா சேந்துக்கும். மாட்யூல் பின் பேரு விசிசி, உங்க போர்டுல விசிசின்னா 5 வோல்ட்னு இருந்தா, நீங்க ஒயரே போடாம 3.3 வோல்ட் மாட்யூலுக்கு 5 வோல்ட் போயிடும், ஸ்கிமேட்டிக்ல பாத்தா ஒண்ணுமே தெரியாது. பவர் பின்ன மறைக்காதீங்க. கிரவுண்ட் பின்களையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி மறைக்கற பழக்கம் ஸ்டாக் லைப்ரரில உண்டு, 16 பின் மாட்யூலுக்கு அது தேவையில்லன்னுதான் நான் சொல்லுவேன், தோப்புல மல்டிமீட்டரோட நிக்கறவனுக்கு எல்லா பின்னும் படத்துல தெரியணும்.

"பவர் பின்ன யாரும் டிரைவ் பண்ணலை"ன்னு எரர் வந்தா சிம்பல் டைப்ப மாத்தி வாய மூட வெக்காதீங்க. ரெகுலேட்டரோட அவுட்புட் பின் பவர் அவுட்புட்னு இருக்கான்னு பாருங்க, பேட்டரி கனெக்டர்லருந்து நேரா வந்தா பவர் ஃப்ளாக் போடுங்க.

6. ஃபுட்பிரிண்ட்

காலிப்பர்ல மொதல்ல முழு நீளம், அகலம் அளந்து டேட்டாஷீட்டோட ஒப்பிடுங்க. அப்புறம் பின் இடைவெளி. இத ஒரு பின்லருந்து பக்கத்து பின்னுக்கு அளக்காதீங்க. முதல் பின் நடுவுலருந்து கடைசிப் பின் நடுவு வரைக்கும் அளந்து வகுத்துக்கங்க. வ்ரூம்-32ல ஒரு பக்கம் 14 பின், இடைவெளி 1.27, அப்ப 13 இடைவெளி சேந்து 16.51 மில்லிமீட்டர். யாராச்சும் 1.25ன்னு போட்டா பக்கத்து பின்ல வித்தியாசமே தெரியாது, கடைசிப் பின்ல கால் மில்லி தள்ளிப் போயிருக்கும்.

ஆரிஜின் மாட்யூலோட நடுவுல இருக்கட்டும். மெஷின்ல அசெம்பிள் பண்றப்ப அந்தப் புள்ளியத்தான் எடுத்து வெக்கற எடமா எடுத்துக்கும். ஆர்எஃப்எம்95டபிள்யூவுக்கு கணக்கு இப்படி வரும்: ஒரு பக்கம் 8 பின், 2 மில்லி, அப்ப மேலருந்து கீழ மைனஸ் 7லருந்து ப்ளஸ் 7 வரைக்கும். அகலம் 16, அப்ப இடது வரிசை மைனஸ் 8ல, வலது ப்ளஸ் 8ல. ஒண்ணாம் பேட் மைனஸ் 8, மைனஸ் 7ல வரும். ஸ்கூல்ல படிச்ச கிராஃப்ல ஒய் மேல ஏறும், கிகேட்ல கீழ எறங்கினாத்தான் ப்ளஸ், இத மறந்தீங்கன்னா மாட்யூல் தலைகீழா ஆயிடும்.

பேட் நம்பர் இடது மேல ஒண்ணுல ஆரம்பிச்சு கீழ எறங்கி, வலது பக்கம் கீழருந்து மேல ஏறணும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. அரே டூல வெச்சு ரெண்டாவது வரிசையப் போட்டா அது மேலருந்து கீழயே நம்பர் போடும். 9 இருக்க வேண்டிய எடத்துல 16 உக்காந்துக்கும். அதனால வலது வரிசைய ஆரம்பிக்கறப்ப கீழ இருக்கற பேட்லருந்து ஆரம்பிச்சு, இடைவெளிய மைனஸ் 2ன்னு குடுங்க.

பேட் சைஸ். இந்த மாட்யூல்களோட ஓரத்துல பாதி அறுத்த ஓட்ட மாதிரி இருக்கும் இல்லையா, அங்கதான் சால்டர் ஏறும். பேட் மாட்யூல் ஓரத்தோட நின்னா சால்டரிங் அயர்ன் முனைய வெக்க எடம் இருக்காது. ஓரத்துக்கு வெளிய ஒரு மில்லிமீட்டராவது நீட்டி விடுங்க. 2 மில்லி இடைவெளி மாட்யூலுக்கு 2 மில்லி நீளம், 1 மில்லி அகலம்னு பேட் வெச்சா கையாலயும் ஒட்டலாம்.

வ்ரூம்ல அடியில 39ன்னு பெரிய கிரவுண்ட் பேட் ஒண்ணு இருக்கு. அதுக்கு சால்டர் பேஸ்ட்ட ஒரே பெரிய சதுரமா விட்டா சால்டர் ஜாஸ்தியாகி மாட்யூல் மிதக்கும், ஓரத்துப் பின் ஒட்டாது. பேஸ்ட்ட சின்னச் சின்ன சதுரமாப் பிரிச்சுக் குடுங்க. கையால ஒட்டறவங்களா இருந்தா அந்தப் பேட் நடுவுல ஒரு பெரிய ஓட்ட விட்டு பின்னாடிலருந்து சால்டர் ஊத்தலாம், அப்படின்னா அதத் தனி ஃபுட்பிரிண்ட்டா, பேர்ல "கை"ன்னு சேத்து வைங்க.

என்ஆர்எஃப்24எல்01 மாட்யூல் ஊசி ஹெட்டர் டைப், ரெண்டு வரிசை, நாலு நாலு பின், 2.54 மில்லி. இதுக்கு கஷ்டமே அளவு இல்ல, கண்ணாடி பிம்பம்தான். நெட்ல கெடைக்கற படத்துல பாதி ஊசி பக்கத்துலருந்து பாத்து வரைஞ்சது, பாதி சிப் பக்கத்துலருந்து. ஃபுட்பிரிண்ட் எப்பவும் மேலருந்து பாக்கற பார்வை. மாட்யூல சிப் மேல தெரியற மாதிரி டேபிள்ல வெச்சு, ஊசி கீழ போற மாதிரி நெனச்சு, 1 கிரவுண்ட், 2 சப்ளை எந்த மூலைல வருதுன்னு பாத்து நம்பர் போடுங்க. இதுவும் 3.3 வோல்ட் மாட்யூல்தான், அதோட சிக்னல் பின் 5 வோல்ட்டத் தாங்கும், சப்ளை பின் தாங்காது.

சில்க்ல ஒண்ணாம் பின் பக்கத்துல ஒரு குறி, அது மாட்யூல ஒட்டின பிறகும் தெரியற மாதிரி வெளிய. கோர்ட்யார்டு (மாட்யூலுக்குன்னு ஒதுக்கற எல்லைக் கோடு) சுத்தி கால் மில்லி விட்டு மூடின கோடா போடுங்க, ஒரு எடத்துல விட்டிருந்தாலும் டிஆர்சி (போர்டுக்கான செக்) திட்டும்.

7. ஆன்டெனா ஏரியா ஃபுட்பிரிண்ட்லயே இருக்கணும்

போர்டு ஆன்டெனா இருக்கற மாட்யூலுக்கு கீப்அவுட்ட (காப்பர் வரக்கூடாத எடம்) போர்டு போடறப்ப பாத்துக்கலாம்னு விடாதீங்க, மறந்துடுவீங்க, கிரவுண்ட் ஃபில் தானா ஆன்டெனாவுக்கு அடியில ஓடிடும். ஃபுட்பிரிண்ட் உள்ளயே ரூல் ஏரியா போட கிகேட் 6லருந்து வசதி இருக்கு. டிராக், வையா, காப்பர் ஃபில் மூணையும் தடுக்கணும், லேயர்ல எல்லா காப்பர் லேயரையும் டிக் பண்ணணும். மேல் லேயர மட்டும் டிக் பண்ணிட்டு பின்னாடி முழுக்க காப்பரா விட்ட போர்டுதான் அதிகமா வருது, வைஃபை ரூம தாண்டாது.

இஎஸ்பி32 பண்ற எஸ்பிரஸ்ஸிஃப், ஆன்டெனாவச் சுத்தி 15 மில்லிமீட்டர் காலியா விடச் சொல்றாங்க, முடிஞ்சா ஆன்டெனா போர்டு ஓரத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும்னும் சொல்றாங்க. அந்த 15 மில்லியையும் கமெண்ட்ஸ் லேயர்ல ஒரு பெட்டியா வரைஞ்சு விடுங்க, பேட்டரி ஹோல்டரயோ ரிலேவயோ பக்கத்துல நகத்தறப்ப கண்ல படும்.

நம்ம பக்கம் இன்னொரு விஷயம். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி தகரம். அதுக்குள்ள போர்டு ஆன்டெனா மாட்யூல எப்படி வெச்சாலும் சிக்னல் வெளிய வராது, ஃபுட்பிரிண்ட்டக் கொற சொல்லிப் பயனில்ல. அங்க 32யூ மாதிரி கனெக்டர் மாடல் வெச்சு ஆன்டெனாவ ஒயர்ல வெளிய எடுத்துடுங்க.

ஆர்எஃப்எம்95டபிள்யூவுக்கு 9ஆம் பின்லருந்து எஸ்எம்ஏ கனெக்டர் வரைக்கும் 50 ஓம் டிராக் வேணும். 1.6 மில்லி எஃப்ஆர்4, ரெண்டு லேயர், அடியில முழு கிரவுண்டுன்னா அகலம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வரும். பக்கத்துலயே கிரவுண்ட் ஃபில் நெருங்கி வந்தா இது குறையும், கிகேட்டோட கால்குலேட்டர்ல போட்டு எடுங்க. கனெக்டர ஒட்டி வெச்சு டிராக்க கொஞ்ச தூரத்துலயே முடிச்சுட்டா பாதிக் கவலை இல்ல. எஸ்எம்ஏக்கு பதிலா ஒயர் ஆன்டெனான்னா கால் அலை நீளம் 866 மெகாஹெர்ட்ஸுக்கு 8.6 சென்டிமீட்டர் சுமார், அந்த நீளத்த சிம்பல் விவரத்துல எழுதி வைங்க, ஒட்டறவனுக்கு உதவும். ஆன்டெனா இல்லாம டிரான்ஸ்மிட் பண்ணக்கூடாதுங்கறதையும் அங்கயே எழுதிடுங்க.

8. 3டி மாடல்

ஸ்டெப் (.step) ஃபைலா வைங்க, பாத் 3ல சொன்ன வேரியபிள்லருந்து. அழகுக்கு இல்ல, உயரம் பாக்கறதுக்கு. வ்ரூம் 3 மில்லி சொச்சம்தான், ஆனா என்ஆர்எஃப்24 ஹெட்டர் மேல சொருகி நிக்கறப்ப டப்பா மூடி இடிக்கும். ஸ்டெப் கெடைக்கலைன்னா சரியான உயரத்துல ஒரு பெட்டி போதும்.

9. பேப்பர்ல ஒண்ணுக்கு ஒண்ணு பிரிண்ட்

ஒரு காலி போர்டுல உங்க ஃபுட்பிரிண்ட் எல்லாத்தையும் வரிசையா வைங்க, பக்கத்துல 50 மில்லிமீட்டர்ல ஒரு கோடு போடுங்க. காப்பர், சில்க், ஃபேப் லேயர், ஸ்கேல் ஒண்ணுக்கு ஒண்ணு.

ஜெராக்ஸ் கடைல குடுக்கறதா இருந்தா கிட்ட நின்னு பாத்துக்கங்க. அவங்க வழக்கமா பேஜுக்கு ஃபிட் ஆகற மாதிரிதான் அடிப்பாங்க, கொஞ்சம் சுருங்கிடும். "சேட்டா, ஆக்சுவல் சைஸ் மதி"ன்னு (ஆக்சுவல் சைஸ் போதும்னு) முன்னாடியே சொல்லிடுங்க. கைக்கு வந்ததும் மொதல்ல அந்த 50 மில்லி கோட்ட அளங்க. 50 இல்லன்னா அந்தப் பேப்பர்ல மேற்கொண்டு எதையும் பாக்காதீங்க.

கோடு சரியா இருந்தா மாட்யூல பேப்பர் மேல வெச்சு, நேரா மேலருந்து ஒரு கண்ண மூடிக்கிட்டு பாருங்க. ஒவ்வொரு அரை ஓட்டயும் பேட்டோட நடுவுல உக்காந்திருக்கணும், வெளிய பேட்டு சமமா நீட்டிக்கிட்டு தெரியணும். முதல் பின் சரியா இருந்து கடைசிப் பின் தள்ளி இருந்தா இடைவெளி தப்பு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு உள்ளயோ வெளியயோ இருந்தா அகலம் தப்பு. அளவு பாத்தாச்சுன்னா டேபிள எடுத்து ஒவ்வொரு பின்னா விரல் வெச்சு நம்பரும் பாருங்க. ஊசி மாட்யூல்னா பேப்பர ஒரு தெர்மோகோல் மேல வெச்சு ஊசியக் குத்திப் பாக்கலாம்.

10. ஒரு டெஸ்ட் ப்ராஜெக்ட்

லைப்ரரிக்குன்னே ஒரு ப்ராஜெக்ட் வைங்க, ஒவ்வொரு மாட்யூலும் ஒரு தடவ, பின்னெல்லாம் ஒரு கனெக்டருக்கு. அதுல இஆர்சி, டிஆர்சி ஓட்டுங்க. சிம்பல் எடிட்டர்லயும் ஃபுட்பிரிண்ட் எடிட்டர்லயும் தனித்தனியா செக்கர் இருக்கு, அதையும் ஓட்டுங்க. சிம்பல்ல இருக்கற பின் நம்பர் ஃபுட்பிரிண்ட்ல இல்லன்னா போர்டுக்கு அப்டேட் பண்றப்பதான் தெரியும், 39ஆம் பேட்ட மறந்தது இங்கதான் மாட்டும்.

காசு இருந்தா இதையே சின்ன பிரேக்அவுட் போர்டா அடிச்சு மாட்யூல ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் பெரிய போர்டுக்குப் போங்க. ரா-02ஐ பிரெட்போர்டுல நேரா சொருக முடியாது இல்லையா, இடைவெளி 2 மில்லிங்கறதால, அதனால அந்த பிரேக்அவுட் எப்படியும் வேற வேலைக்கும் ஆகும்.

11. விவரங்கள், வெர்ஷன்

ஒவ்வொரு சிம்பல்லயும் தயாரிப்பாளர், முழு பார்ட் நம்பர், டேட்டாஷீட் ரிவிஷன், அலைவரிசை, ஈடிஏ விவரம், அதிகபட்ச கரண்ட், இதெல்லாம் ஃபீல்டா சேருங்க. கரண்ட ஏன் சொல்றேன்னா, வ்ரூமுக்கு 500 மில்லிஆம்பியராவது குடுக்கற சப்ளை வேணும், சிம்800எல் (சிம் கார்டு போடற ஜிஎஸ்எம் மாட்யூல்) டிரான்ஸ்மிட் பண்றப்ப ஒரு கணம் 2 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு சப்ளை 3.4லருந்து 4.4 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ரெகுலேட்டர் எடுக்கறவன் சிம்பல்லயே இதப் பாத்துட்டா ரீசெட் ஆகுதுன்னு அலையமாட்டான்.

பேப்பர் டெஸ்ட் முடிஞ்சதா, போர்டுல ஒட்டிப் பாத்ததான்னும் ஒரு ஃபீல்ட் வைங்க. ஒட்டிப் பாக்காதத யாரும் ஆர்டருக்கு அனுப்பக்கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு கட்டுப்பாடு, அது நல்லா வேலை செய்யுது. சிம்பலும் ஃபுட்பிரிண்ட்டும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், அதனால கிட்ல (Git, ஃபைல் மாத்தத்தக் குறிச்சு வெக்கற சாஃப்ட்வேர்) போட்டா யார் எந்தப் பேட்ட நகத்தினாங்கன்னு வரி வரியாத் தெரியும்.

கடைசியா, லைப்ரரில ஒரு தப்பத் திருத்தினா ஏற்கனவே போட்டு வெச்ச ப்ராஜெக்ட்ல அது தானா மாறாது. ஸ்கிமேட்டிக் உள்ள சிம்பலோட காப்பி ஒண்ணு தனியா இருக்கு, போர்டு உள்ளயும் அப்படித்தான். ரெண்டு எடத்துலயும் லைப்ரரிலருந்து அப்டேட் பண்ற மெனுவ ஓட்டணும். ஓட்டறப்ப வர்ற பெட்டில ஃபீல்ட் டெக்ஸ்ட்ட ரீசெட் பண்ற டிக்க எடுத்துடுங்க, இல்லன்னா அந்த ப்ராஜெக்ட்டுக்குன்னு நீங்க எழுதி வெச்ச வேல்யூவெல்லாம் போயிடும். அப்டேட் முடிஞ்சதும் டிஆர்சிய மறுபடி ஓட்டி, கெர்பர் புதுசா எடுங்க, பழைய கெர்பர் ஜிப்ப அழிச்சுடுங்க.